இறந்தவர் பொருட்டு ஒரு தேர்தல்

1776ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நியூ ஜெர்சிக் கரையோரம் சாண்டி ஹூக் அருகே வந்து நின்றன. அதே நாட்களில் அந்தக் காலனியின் மாகாண காங்கிரஸ் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்தது. ஜூன் 24 அன்று வரைவுக் குழு அமைந்தது. ஜூலை 2 அன்று சாசனம் நிறைவேறிவிட்டது. பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு. மொத்தம் 23 பிரிவுகள். பிரிட்டனோடு சமரசம் ஏற்பட்டால் இந்தச் சாசனம் செல்லாது என்றொரு வரியும் அதில் உண்டு. போர் கைமீறிப் போனால் ராஜத்துரோகிகளாகத் தூக்கில் தொங்க நேரும் என்று தெரிந்தே அவர்கள் எழுதினார்கள்.

அத்தனை அவசரத்திலும், அத்தனை பயத்திலும், அந்தச் சாசனத்தின் பதின்மூன்றாம் பிரிவு கரோனரைப் பற்றிப் பேசுகிறது. சந்தேகத்துக்குரிய சாவு எது நடந்தாலும் பிணத்தைப் பார்த்து, ஊரார் சிலரைக் கூட்டி, இன்ன காரணத்தால் இவர் இறந்தார் என்று எழுதிவைக்கும் அதிகாரி அவர். மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியின் மக்களும் சட்டமன்றப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், ஆண்டுக்கொரு முறை காவல் அதிகாரியான ஒரு ஷெரிப்பையும் ஒன்றோ அதற்கு மேலோ கரோனர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவரே தொடரக் கூடாது. பிறகு மூன்று ஆண்டு வெளியே இருந்துவிட்டுத்தான் மறுபடியும் நிற்கலாம். நிலமுள்ள ஆறு பேர் கையொப்பமிட்டுச் சான்று அனுப்பினால் ஆளுநர் உடனே நியமன ஆணை தர வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு வேலை இல்லை.

நான்கு பிரிவுகள் தள்ளி, பதினேழாம் பிரிவு. தற்கொலை செய்துகொண்டவரின் சொத்து இனிப் பறிமுதல் ஆகாது. இயற்கையாக இறந்திருந்தால் யாருக்குப் போயிருக்குமோ அவர்களுக்கே போகும். விபத்தில் ஒருவரின் உயிரைப் போக்கிய பொருளும் இனி அரசுக்குச் சேராது. இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, சாவை விசாரிப்பவர் யாருடைய ஆள் என்பதை மாற்றுகிறது. மற்றது, சாவிலிருந்து அரசு காசு பார்ப்பதை நிறுத்துகிறது. ஒரு குடியரசு தன் குடிமக்களின் வாழ்வைப் பற்றிச் சொன்னவை ஏராளமாக எழுதப்பட்டுவிட்டன. அவர்களுடைய சாவைப் பற்றி அது எடுத்த இந்த முடிவு, வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட அதிகம் வருவதில்லை.

கரோனர் பதவியை அமெரிக்கர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1194ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்ட் காலத்தில் அது உருவானது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட மன்னரை மீட்கப் பெருந்தொகை கொடுத்து நாடே கஜானாவைத் துடைத்திருந்த நேரம். ஷெரிப்புகள் மன்னருக்கு வர வேண்டிய வருவாயைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தது. அதனால் ஒவ்வொரு கவுண்டியிலும் மூன்று நைட்டுகளையும் ஓர் எழுத்தரையும் தேர்ந்தெடுத்து, மன்னருக்குரிய வழக்குகளைப் பதிந்துவைக்கச் சொன்னார்கள். கொலை செய்தவனின் உடைமை மன்னருக்கு. தற்கொலை செய்துகொண்டவரின் உடைமை மன்னருக்கு. ஒருவர்மேல் ஏறிய வண்டி, முட்டிய மாடு, சாய்ந்த மரம் எல்லாவற்றின் மதிப்பும் மன்னருக்கு. ஊரில் ஒரு பிணம் விழுந்தால் அங்கே ஒரு வரவுக்கு வாய்ப்பு உண்டு. அதை எழுதிவைக்கும் கை கரோனருடையது.

இந்த வழக்கம் கடல் தாண்டியும் போனது. மேரிலாந்துக் காலனியில் 1638 ஜனவரியில் ஜான் பிரையன்ட் என்ற ஒருவர் மரம் வெட்டும்போது அது சாய்ந்து விழுந்து இறந்தார். விவசாயம் செய்யும் அக்கம்பக்கத்தார் ஜூரியாகக் கூடிப் பிணத்தைப் பார்த்தார்கள். மரம் விழுந்து உடல் நசுங்கியதையும், முகவாய்க்குக் கீழே இடப்பக்கம் இருந்த இரண்டு கீறல்களையும் பதிந்தார்கள். கூடவே இன்னொன்றையும் எழுதினார்கள்: அந்த மரம் காலனியின் உரிமையாளரான பிரபுவுக்குச் சேரும். காடு சூழ்ந்த ஊர். மரத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம். அங்கேயும் ஒரு மனிதனைக் கொன்ற மரம் எசமானின் கணக்கில் ஏறியது. அந்த இரண்டு கீறல்களையும் குனிந்து பார்த்துக் குறித்த கவனமும், மரத்தைக் கணக்கில் ஏற்றிய பழக்கமும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கின்றன. கரோனர் பதவியின் இரண்டு குணங்களும் அதில் தெரிகின்றன.

அந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் 1776இன் கேள்வி. பழைய பதவிக்குள் ஒரு நல்ல விதை இருந்தது. ஷெரிப்பின் மேல் நம்பிக்கை இல்லாததால் பிறந்த பதவி அது. பொதுச் சட்டத்தின்படி, ஷெரிப் ஒரு வழக்கில் தானே கட்சிக்காரராகவோ கட்சிக்காரரின் உறவினராகவோ இருந்தால், நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு கரோனருக்குப் போகும். ஷெரிப்பையே கைதுசெய்ய வேண்டி வந்தால் அதையும் கரோனர்தான் செய்வார். கவுண்டியில் ஆயுத பலமும் சிறைச்சாலையும் ஷெரிப்பின் கையில். அவரைத் தொடக்கூடிய ஒரே உள்ளூர்க் கை கரோனருடையது. இங்கிலாந்தில் ஷெரிப்பை மன்னர் நியமித்தார். கரோனரையோ கவுண்டியின் நிலவுடைமையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறை 1888 வரை அங்கே நீடித்தது. ஆகவே தேர்தலும் பழையதுதான். நியூ ஜெர்சி செய்தது என்னவென்றால், அந்தத் தேர்தலை ஆண்டுதோறும் நடக்க வைத்தது, வாக்காளர் வட்டத்தை விரித்தது, கஜானாவுக்கும் பிணத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்தது. உயிரைப் போக்கிய பொருளைப் பறிக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1846இல்தான் கைவிட்டது. தற்கொலை செய்துகொண்டவரின் சொத்தைப் பறிப்பதை நிறுத்த அங்கே 1870 வரை ஆயிற்று.

1776இன் தலைமுறைக்குக் கரோனரின் ஜூரி என்பது ஏட்டில் மட்டும் படித்த விஷயமும் அல்ல. 1770 மார்ச் 5 இரவு பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். மறுநாளே கரோனரின் ஜூரி ஒரு பிணத்தைப் பார்த்து எழுதிய தாள் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இறந்தவரின் பெயர் மைக்கேல் ஜான்சன் என்று அதில் இருக்கிறது. கிறிஸ்பஸ் அட்டக்ஸ் என்று பிற்காலம் அறிந்துகொண்ட, ஆப்பிரிக்க, செவ்விந்திய வம்சத்தில் வந்த மாலுமி அவர். உடலைத் துளைத்த குண்டுகள் இரண்டு என்று குறித்து, கேப்டன் தாமஸ் பிரஸ்டன் தலைமையில் நின்ற சிப்பாய்களால் வேண்டுமென்றே கொல்லப்பட்டார் என்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு எழுதினார்கள். பிரஸ்டன் பிறகு வழக்கில் விடுதலையானார். ஜூரியின் முடிவு முழுக்கச் சரியா என்று வாதிடலாம். ஆனால் மன்னரின் படை சுட்ட மறுநாள், மன்னரின் படைமேல் ஊரார் எழுத்தில் குற்றம் சாட்ட முடிந்தது. அவர்கள் கையெழுத்து வைத்தது ஒரு மாலுமியின் பிணத்துக்காக. அவரது சொந்தப் பெயர்கூட அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

தேர்தல் முறை எல்லா மாநிலங்களிலும் ஒன்றுபோல் வரவில்லை. பென்சில்வேனியாவில் வில்லியம் பென் 1701இல் தந்த உரிமைச் சாசனத்திலேயே அதன் தொடக்கம் இருக்கிறது. ஷெரிப், கரோனர் பதவிகளுக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு பேரைக் கவுண்டி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். ஆளுநர் அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வார். தற்கொலை, விபத்துச் சாவுகளில் பறிமுதல் கிடையாது என்பதும் அதே சாசனத்தில் உண்டு. ஆகவே இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றாக வருவது நியூ ஜெர்சியின் தற்செயல் இல்லை. 1776இலும் 1790இலும் பென்சில்வேனியா இந்த இரட்டைப் பெயர் முறையையே வைத்துக்கொண்டது. டெலாவேரும் அப்படியே. 1838இல்தான் பென்சில்வேனியா மக்கள் ஒரே பெயரை எழுதி அனுப்பினால் போதும் என்றானது. மக்களை நம்பவும் வேண்டும், முழுக்க நம்பவும் தயக்கம் என்ற நிலையில் நூறாண்டுக்கு மேல் அந்த மாநிலம் நின்றது.

நியூ யார்க் வேறு வழியில் போனது. 1777 சாசனத்தில் கரோனர்கள் ஆண்டுதோறும் நியமிக்கப்படுவார்கள். தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நியமிப்பது ஆளுநரும் நான்கு செனட்டர்களும் கொண்ட ஒரு நியமன சபை. கட்சிகள் வலுக்க வலுக்க அந்தச் சபை பதவிச் சந்தையாக மாறியது. 1821 வாக்கில் ஏறக்குறைய 15,000 பதவிகள் அதன் பிடியில் இருந்தன. படைப்பிரிவுத் தளபதி முதல் சிறிய ஊர் நீதிபதி வரை ஒரே அறையில் முடிவானார்கள். அந்த ஆண்டு கூடிய மாநாடு அந்தச் சபையை ஒழித்தது. ஷெரிப், கவுண்டி எழுத்தர், கரோனர் ஆகியோரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. ஓஹையோ 1802இல் மாநிலமாகத் தயாரானபோதே கவுண்டிக்கு ஒரு ஷெரிப், ஒரு கரோனர், இரண்டாண்டுத் தேர்தல் என்று எழுதிவிட்டது. இந்தியானாவும் இலினாயும் அதே வழி. கென்டக்கி 1792இல் தேர்தலைக் கொடுத்து, 1799இல் பறித்து, 1850இல் திருப்பிக் கொடுத்தது. பிலடெல்பியாவில் 1787இல் எழுதப்பட்ட கூட்டாட்சிச் சாசனம் கரோனரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவர் ஏன் செத்தார் என்பதைக் கேட்பது அவர் செத்த ஊரின் வேலை என்று விடப்பட்டது.

அந்த வேலை எப்படி நடந்தது? ஆற்றில் ஒரு பிணம் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் கரோனருக்குச் சொல்லி அனுப்புவார். கரோனர் கான்ஸ்டபிளுக்கு ஓர் உத்தரவு எழுதுவார்: இன்ன இடத்துக்கு, இன்ன நேரத்துக்கு, அக்கம்பக்கத்து நல்ல மனிதர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் வரட்டும். வயலில் இருந்தவர், கடையில் இருந்தவர் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். நம் ஊரில் பிரேத விசாரணைக்குப் போலீஸார் பஞ்சாயத்தாரை அழைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஓரளவு விளங்கும். ஆனால் அங்கே அவர்கள் அழைத்த இடத்தில் கையெழுத்துப் போடும் சாட்சிகள் மட்டுமல்ல. முடிவு சொல்பவர்களே அவர்கள்தான். கதவுகள் சாத்தப்பட மாட்டா. உணவுவிடுதியின் பின்னறையோ, களஞ்சியமோ, இறந்தவரின் வீடோ, பிணம் கிடக்கும் இடம்தான் நீதிமன்றம்.

ஜூரிகள் பிணத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் எழுதிய முடிவு சட்டத்தின் முன் செல்லாது. உடலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். காயம் இருந்தால் எந்த உறுப்பில், எத்தனை அங்குல நீளம், அகலம், ஆழம் என்று கேட்டு எழுதுவார்கள். கழுத்தில் தடம் உண்டா, சட்டைப் பையில் என்ன இருந்தது, கடைசியாக யார் பார்த்தார்கள் என்று விசாரிப்பார்கள். இறந்தவரோடு உறங்கி எழுந்தவர்களும், கடன் கொடுத்தவர்களும், சண்டை போட்டவர்களும் சத்தியம் செய்து சொல்வார்கள். நீரில் மூழ்கியது, குடியால் வந்தது, குளிரில் விறைத்தது, கடவுளின் வருகையால் இயல்பாக நேர்ந்தது, தெரியாத ஆட்கள் கொன்றது என்று முடிவுகள் வரும். கொலை என்றால் கரோனர் சாட்சிகளை நீதிமன்றத்தில் ஆஜராகக் கட்டுப்படுத்தி, குற்றம் சாட்டப்பட்டவரைப் பிடிக்க உத்தரவிடுவார். கடைசியில் ஜூரிகள் ஒவ்வொருவரும் பெயரெழுதி முத்திரை வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு கீறல் போடுவார்.

இவ்வளவையும் நடத்தக் கரோனருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சாசனமும் கேட்கவில்லை. 1785 முதல் 1802இல் இறக்கும்வரை பிலடெல்பியாவின் கரோனராக இருந்த ஜான் லீக்காக் தொழிலால் பொற்கொல்லர். பிரிட்டிஷ் கொடுங்கோன்மையின் வீழ்ச்சி என்ற பெயரில் 1776இல் வெளிவந்த நாடகத்தை எழுதியவர் அவரே என்று ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டனைப் பாத்திரமாகக் கொண்ட ஆரம்ப நாடகங்களில் ஒன்று அது. பிரிட்டிஷ் ஆட்சியை எள்ளி எழுதிய ஒருவரிடம், தங்களுடைய சாவுகளைப் பதியும் வேலையை நகரத்தார் பதினேழு ஆண்டு ஒப்படைத்தார்கள். பென்சில்வேனியாவில் ஷெரிப்புக்குத்தான் காலவரம்பு, கரோனருக்கு இல்லை. இதில் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அந்த வாக்காளர்கள் தேடியது அறிவாளியை அல்ல. கேட்பதைக் கேட்க அஞ்சாத, பணக்காரர் வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய, ஊரில் தெரிந்த முகத்தை.

அந்தத் துணிவுக்கு 1804இல் பெரிய சோதனை வந்தது. ஜூலை 11 அன்று நியூ ஜெர்சியின் வீஹாக்கன் கரையில் அமெரிக்காவின் துணை அதிபர் ஆரன் பர், முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சவாலில் சுட்டார். படகில் ஆற்றைக் கடந்து கொண்டுவரப்பட்ட ஹாமில்டன் மறுநாள் நியூ யார்க்கில் ஒரு நண்பர் வீட்டில் இறந்தார். குண்டு பாய்ந்தது ஒரு மாநிலத்தில், உயிர் போனது இன்னொன்றில். கரோனரின் அதிகாரமோ பிணம் கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. எனவே நியூ யார்க் கரோனரின் ஜூரி கூடியது. ஒத்திவைத்து ஒத்திவைத்துப் பலமுறை கூடியது. பேச மறுத்த பர்ரின் நண்பர் ஒருவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஆகஸ்ட் 2 அன்று முடிவு வந்தது: ஹாமில்டனைக் கொலை செய்தவர் ஆரன் பர், இரு தரப்பிலும் துணைக்கு நின்றவர்கள் உடந்தை. நாட்டின் இரண்டாம் உயர்ந்த பதவியில் இருப்பவரைக் கொலைகாரர் என்று ஒரு நகரத்தின் சாதாரண மனிதர்கள் எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியிலும் கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. ஆனால் பர் எங்கும் விசாரணைக்கு நிற்கவில்லை. 1805 தொடக்கத்தில் அவர் செனட்டில் தலைமை ஆசனத்தில் அமர்ந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் மீதான குற்றவிசாரணையை நடத்திக்கொண்டிருந்தார். கரோனரின் ஜூரிக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அது உண்மையை எழுதிவைக்கலாம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குச் சிறியதாகத் தெரியவில்லை. நியூ யார்க்கில் அந்தக் கரோனர் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அல்ல. நியமன சபையின் ஆள். சபையின் ஆள் தன் கட்சிக்காரர்களைக் கோபப்படுத்தும் முடிவை எழுதுவாரா என்ற கேள்விக்கு அந்த ஒருமுறை ஜூரி பதில் சொன்னது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தனி மனிதரின் நெஞ்சுரத்தை நம்பியிருக்க ஒரு குடியரசால் முடியாது. பதவியின் அமைப்பே அவரைத் தாங்க வேண்டும். தேர்தலின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

யாருடைய வாக்கு அந்தத் தேர்தலில் விழுந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நியூ ஜெர்சியின் 1776 சாசனம் வாக்காளரை வரையறுக்கும்போது வயது வந்த, 50 பவுண்டு மதிப்புள்ள சொத்துடைய, ஓராண்டு அந்தக் கவுண்டியில் குடியிருந்த எல்லாரும் என்றது. ஆண் என்று சொல்லவில்லை. வெள்ளையர் என்றும் சொல்லவில்லை. 1790இல் ஏழு கவுண்டிகளுக்கும் 1797இல் மாநிலம் முழுவதற்கும் வந்த தேர்தல் சட்டங்கள், வாக்காளர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதின. திருமணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்பதால் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் விதவைகளும் மணமாகாதவர்களும். 1801 அக்டோபரில் சோமர்செட் கவுண்டியின் மான்ட்கோமரி ஊரில் வாக்களித்தவர்களின் பட்டியலில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. சொத்துள்ள சுதந்திரக் கறுப்பினத்தவர் சிலரும் நியூ ஜெர்சியில் வாக்களித்தார்கள்.

இதன் பொருளை நிதானமாக நினைத்துப் பார்க்கிறேன். ஜூரியில் உட்காரப் பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் பிணத்தைக் குளிப்பாட்டியவள் அவள். பிரசவ அறையில் நின்றவள் அவள். குழந்தை இறந்து பிறந்ததா, பிறந்து இறந்ததா என்று விசாரிக்கப்பட்ட வழக்குகளில் சாட்சி சொன்னவள் அவள். அந்த அனுபவமுள்ள ஒரு விதவை, தன் ஊரின் சாவுகளை விசாரிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் வாக்களித்தாள். 1807இல் அதே சட்டமன்றம் அந்த உரிமையைப் பறித்தது. அந்த ஆண்டு எஸெக்ஸ் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் எங்கே அமைய வேண்டும் என்று நடந்த வாக்கெடுப்பில் எல்லாத் தரப்பும் செய்த மோசடி காரணமாகக் காட்டப்பட்டது. மோசடி செய்தவர்களில் ஆண்கள்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும். வாக்கை இழந்தவர்கள் பெண்களும் கறுப்பினத்தவரும். இனி வரி கட்டும் சுதந்திர வெள்ளை ஆண் குடிமகன் மட்டுமே வாக்காளர்.

அடிமைகளுக்கோ அந்த வாசல் ஒருநாளும் திறக்கவே இல்லை. 1800ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நியூ ஜெர்சியில் மட்டும் 12,000க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். டெலாவேரிலும் கென்டக்கியிலும் அடிமை முறை 1865 வரை நீடித்தது. சவுக்கடியில் ஓர் அடிமை செத்தாலும் சட்டப்படி கரோனர் வர வேண்டும், ஜூரி கூட வேண்டும். ஆனால் அந்த ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எசமானின் அண்டை வீட்டார், அவரோடு கோயிலுக்குப் போகிறவர், அவரிடம் கடன் வாங்கியவர். நடந்ததைப் பார்த்த மற்ற அடிமைகள் வெள்ளையனுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சட்டமே அனுமதிக்காத மாநிலங்கள் பல. அக்கம்பக்கத்தார் என்ற சொல்லுக்குள் யார் அடங்குகிறார்கள் என்பது தீர்மானிக்கப்படாதவரை, ஊரே கூடிப் பிணத்தைப் பார்ப்பது நீதியாகாது. ஊரே கூடி மறைக்கவும் முடியும். இந்த இடத்தில் அந்தப் பதவி தோற்றது. தேர்தலும் அதைக் காப்பாற்றவில்லை. வாக்களித்தவர்களே மறைக்க விரும்பியவர்கள்.

இன்னொரு பலவீனம் அறிவின்மை. விசாரணைக்கு இத்தனை என்று கட்டணம் வாங்கிய கரோனர்களில் சிலர் பிணங்களைத் தேடி அலைந்தார்கள். சிலர் ஏழைகளின் பிணங்களுக்காக நடையைக் கட்டவே மறுத்தார்கள். நகரங்கள் பெருகியபோது கட்சி ஊழியர்களுக்குத் தரும் பரிசாக அந்தப் பதவி சுருங்கியது. விஷத்தால் வந்த சாவையும் வயிற்றுப்போக்கால் வந்த சாவையும் பிரித்தறியத் தெரியாதவர் எத்தனை நேர்மையானவராக இருந்தும் பயனில்லை. ஆளுநர் நியமித்த கரோனர்களையே வைத்திருந்த மாசசூசெட்ஸ் 1877இல் அந்தப் பதவியையும் அதன் ஜூரியையும் ஒழித்து, மருத்துவம் கற்றவர்களை அந்த இடத்தில் வைத்தது. நியூ யார்க் நகரம் 1915இல் வந்த ஓர் அறிக்கைக்குப் பிறகு, 1918 முதல் தலைமை மருத்துவப் பரிசோதகர் முறைக்கு மாறியது. அந்த மாற்றங்களால் கண்டுபிடிக்கப்பட்ட கொலைகள் பல. தூக்கிலிருந்து தப்பிய நிரபராதிகளும் உண்டு. அதை மறுக்க நான் யார்?

ஆனால் அறிவும் தேர்தலும் எதிரிகள் என்று நான் நம்பவில்லை. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் தாமஸ் வேக்லி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1823இல் லான்செட் இதழைத் தொடங்கியவர். கரோனர் மருத்துவராக இருக்க வேண்டும் என்று வாதாடித் தானே தேர்தலில் நின்று, ஒருமுறை தோற்று, 1839இல் மேற்கு மிடில்செக்ஸ் கரோனராக வென்றார். 1846இல் ஹவுன்ஸ்லோ படைமுகாமில் 150 கசையடி வாங்கிய பிரெடெரிக் ஒயிட் என்ற சிப்பாய் சில வாரங்களில் இறந்தார். சாவுக்கும் அடிக்கும் தொடர்பில்லை என்று படை மருத்துவர்கள் சொன்னார்கள். வேக்லி அடக்கத்தை நிறுத்தி, வெளி நிபுணர் ஒருவரைக் கொண்டு முதுகுத்தண்டின் அருகே தசைகளைப் பரிசோதிக்கச் செய்தார். கசையடிதான் காரணம் என்று ஜூரி எழுதியது. அந்தத் தீர்ப்பு எழுப்பிய கோபத்தில் படையில் கசையடியின் உச்ச அளவு 50 ஆகக் குறைந்தது. படை மருத்துவர்களுக்கும் மருத்துவம் தெரியும். அவர்கள் யாரிடம் சம்பளம் வாங்கினார்கள் என்பதே அங்கே வேறுபாடு.

இதனால்தான் இன்றைய கலிபோர்னியாவின் நிலை என்னைக் கவலைப்படுத்துகிறது. அங்கே 58 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஷெரிப்பே கரோனர். ஷெரிப்பின் சிறையில் ஒருவர் செத்தால், ஷெரிப்பின் ஆள் ஒருவரைச் சுட்டால், சாவின் வகையை எழுதுவது ஷெரிப்பின் அலுவலகம். 2017இல் சான் ஹோக்கின் கவுண்டியில் நோயியல் மருத்துவர்கள் இருவர், தங்கள் முடிவுகளில் ஷெரிப் தலையிடுகிறார் என்று குற்றம் சாட்டி வேலையை விட்டார்கள். ஷெரிப் அதை மறுத்தார். மறு ஆண்டே அந்தக் கவுண்டியின் நிர்வாகக் குழு இரண்டு பதவிகளையும் பிரிக்க வாக்களித்தது. மக்கள் வாக்கால் வந்தவர் என்ற தகுதி ஷெரிப்புக்கும் உண்டு. மேசையில் கத்தியோடு நிற்பவர் தேர்ந்த மருத்துவரும்தான். தேர்தலும் இருந்தது, மருத்துவமும் இருந்தது. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் இரண்டு தனிப் பதவிகள் என்ற 1194இன் ஏற்பாடு மட்டும் கரைந்துபோயிருந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சாவுக்குக் காரணம் சொல்பவர், அந்தச் சாவுக்குக் காரணமாக இருக்கக்கூடிய அதிகாரத்தின் கீழ் வேலை பார்க்கக் கூடாது. நியூ ஜெர்சியின் அவசரக்காரர்கள் அந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள். ஷெரிப்பையும் கரோனரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், ஆனால் இரண்டு தனித்தனி ஆட்களாக. அவர்களுக்குத் தெரியாத மருத்துவம் நமக்குத் தெரியும். அவர்கள் வெளியே நிறுத்திய மனிதர்களை உள்ளே அழைக்கவும் நாம் கற்றிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லட்டும். ஆனால் அவர் போலீஸிடமும் சிறையிடமும் ஆளுங்கட்சியிடமும் சம்பளத்துக்கோ பதவிக்கோ கை ஏந்தாதவராக இருக்கட்டும். அவர் எழுதியதை இறந்தவரின் தெருவில் இருப்பவர்கள், இறந்தவரின் இனத்தையும் வர்க்கத்தையும் சேர்ந்தவர்கள், படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். எந்த நாட்டிலும், காவல் அறையில் ஒருவர் செத்தார் என்ற செய்தி வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எப்படிச் செத்தார் என்பதல்ல. அதை எழுதப்போகிறவர் யாருடைய ஆள் என்பதே. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால்தான் அடுத்த கேள்விக்கும் நேர்மையான பதில் கிடைக்கும்.